தலையில் அடி, கையில் பச்சிலை: குமுளி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் சில வருடம் பார்மசி கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுத்தவன். கம்பம், கூடலூர் பக்கத்து ஆட்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மேலே ஏறுவார்கள். இங்கிருந்து பைக்கில் லோயர் கேம்ப் இறங்குபவர்களும் நிறைய. அதனால் தலையில் கட்டோடு வந்து டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டுபவர்களுக்கு என் கடையில் பஞ்சமில்லை. மாத்திரையை வாங்கிப் பையில் போட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி வரும்: "இதோட மஞ்சள் குடுக்கலாமா? வல்லாரை குடுக்கலாமா?" அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். கடை வாசலில் நின்று சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

அண்ணே, தலையில் அடிபட்டவுடனே வாயில் ஊற்றவோ மூக்கில் விடவோ ஏதாவது பச்சிலை இருக்கா?

இல்லை. ஒன்றுகூட இல்லை.

அரை மயக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கும் திறன் சரியாக இருக்காது. ஊற்றுகிற கஷாயம் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தலைவலி.

மூக்கு இன்னும் மோசம். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விரிசல் விட்டிருந்தால் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகவோ காது வழியாகவோ ஒழுகும். பார்க்கச் சளி மாதிரி, தண்ணீர் மாதிரி இருக்கும். அப்படி ஒழுகுகிறது என்றால் வெளியிலிருந்து மூளை வரைக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் தும்பைச் சாற்றைப் பிழிந்தால் சாற்றோடு கிருமியும் உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம். இந்தச் சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில்கூட மூக்கு வழியாக டியூப் போட மாட்டார்கள், வாய் வழியாகத்தான் போடுவார்கள். இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போவது, காதுக்குப் பின்னால் கறுத்துப்போவது இரண்டும் இந்த விரிசலின் அடையாளங்கள்.

ஒருமுறை ஜீப் கவிழ்ந்த இடத்தில் ஒரு பெரியவர் உள்ளங்கையில் பச்சிலையைக் கசக்கிக்கொண்டே ஓடி வந்தார். நான் தடுத்துவிட்டேன். இன்றைக்கும் என் கடைக்கு வராமல் எதிர்க்கடைக்குத்தான் போகிறார்.

அப்படியானால் "மூளைக்காயத்துக்கு மூலிகை" என்று செய்தி போடுகிறார்களே, அதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. பாதியில் நிறுத்திய உண்மை. இதைப் புரிந்துகொள்ளத் தலையில் விழும் அடி ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மலையில் உருள்பொட்டல், அதாவது நிலச்சரிவு, வந்ததைப் பார்த்திருப்பீர்கள். மண் சரிவது ஒரு நிமிடம். ஆனால் சரிந்த மண் ஓடையை அடைத்து, தண்ணீர் தேங்கி, ஊருக்குள் ஏறுவது அடுத்த இரண்டு மூன்று நாளில். மூளையிலும் அப்படித்தான். தலை தரையில் மோதும் நொடியில் நரம்பிழைகள் அறுகின்றன, ரத்தக்குழாய் கிழிகிறது. அது முதல் காயம். அதைத் திருப்பி வாங்க எந்த மருந்தாலும் முடியாது. அப்புறம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடப்பது இரண்டாவது காயம். அடிபட்ட செல்கள் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவில்லாமல் கொட்டும். அதனால் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியம் புகுந்துவிடும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகும். கட்டுப்பாடில்லாத ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லின் கொழுப்புச் சுவரை அரிக்கும். மூளையின் காவல்காரச் செல்களான மைக்ரோகிளியா கோபத்தில் அழற்சியைக் கிளப்பி, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் வேலி கசிந்து, மூளை நீர் கோர்த்து வீங்கும். மண்டை ஓடு மூடிய பெட்டி, வீங்க இடம் கிடையாது. அழுத்தம் ஏறும். ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டே வந்தவர் மறுநாள் ஐ.சி.யூ.வில் கிடப்பது பெரும்பாலும் இதனாலும், உள்ளே மெல்லப் பெருகும் ரத்தக்கட்டாலும்தான்.

தாவரப் பொருள் ஆராய்ச்சி எல்லாம் இந்த இரண்டாவது காயத்தைப் பற்றியது. செடிகள் வெயில், பூச்சி, பூஞ்சையிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்து வைத்திருக்கும் பாலிபீனால் போன்ற பொருள்களில் பல, விலங்கு செல்லுக்குள்ளும் இரண்டு சுவிட்சைத் தொடுகின்றன. அழற்சியைக் கிளப்பும் என்.எஃப். கப்பா-பி என்பதைத் தணிக்கின்றன. ஆக்சிஜன் அரிப்பைச் சமாளிக்கும் என்.ஆர்.எஃப்-2 என்பதை எழுப்பிவிடுகின்றன. ஆய்வகத் தட்டில், எலியில், இது திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருக்கிறது. செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது.

மஞ்சள்? அதைப் பற்றித்தான் நிறைய வருது.

நிறைய வருவதற்குக் காரணம் இருக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் எலி மூளையில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 2006ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் செய்த ஆய்வு ஒன்றை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எலிகளுக்கு 4 வாரம் குர்குமின் கலந்த தீனி கொடுத்தார்கள். பிறகு திரவ அழுத்தத்தால் மூளையில் லேசான அடி கொடுத்தார்கள். குர்குமின் தின்ற எலிகளின் மூளையில் ஆக்சிஜன் அரிப்பு குறைவு. வழி கண்டுபிடிக்கும் சோதனையிலும் அவை தேறின. 2010ல் சுண்டெலிகளில் மூளை வீக்கம் குறைந்ததாக இன்னொரு ஆய்வு.

சரி, இப்போது மருந்துக்கடைக்காரன் கணக்குக்கு வருவோம். அந்தத் தீனியில் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் குர்குமின். 300 கிராம் எடையுள்ள எலி ஒரு நாளில் 20 கிராம் தின்னும் என்று வைத்தால் 10 மில்லிகிராம் உள்ளே போகிறது. எலி அளவை மனித அளவாக மாற்றும் வழக்கமான கணக்குப்படி உடல் எடைக்கு ஈடான அளவை ஆறால் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்கு 300 மில்லிகிராமை ஒட்டி வரும். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். ஆக, தினம் 10 கிராம் மஞ்சள்தூள், மூன்று டீஸ்பூனுக்கு மேல். பாலில் போடும் சிட்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவு கிடக்கட்டும், அதைச் சமாளிக்கலாம். நேரம்தான் இடிக்கிறது. அந்த எலிகள் அடிபடுவதற்கு நான்கு வாரம் முன்பே சாப்பிட ஆரம்பித்தவை. வருகிற மாதம் கம்பம்மெட்டு வளைவில் விழப்போகிறோம் என்று தெரிந்து இன்றைக்கே மஞ்சள் ஆரம்பிப்பவர் யாரும் இல்லை.

மூன்றாவது சங்கடம், குர்குமின் நம் குடலில் சரியாக ஏறுவதே இல்லை. ஏறிய கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். ரத்தத்திலேயே இல்லாதது மூளைக்கு எப்படிப் போகும்? அடிபட்டவர்களிடம் குர்குமின் பலன் தந்தது என்று நிரூபித்த பெரிய மருத்துவப் பரிசோதனை இதுவரை இல்லை. மஞ்சளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் சளி பிடித்தால் மஞ்சள் பால்தான்.

மிளகு சேர்த்தால் மஞ்சள் நன்றாக ஏறும் என்கிறார்களே? மிளகுக்கு நமக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லைதான், வேலிக்கு வேலி மிளகுக்கொடி. சொன்னதும் உண்மைதான். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகவும், 20 மில்லிகிராம் பிப்பரினோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பிப்பரின் என்பது மிளகின் காரப்பொருள். சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு 2000 சதவீதம் கூடியது. அரை கிராமுக்கும் குறைவான மிளகிலேயே அந்த அளவு பிப்பரின் கிடைத்துவிடும்.

ஆனால் அது எப்படி ஏற்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. குடலிலும் கல்லீரலிலும் வெளிப்பொருள்களைப் பிடித்து மாற்றும் என்சைம்களையும், செல்லிலிருந்து அவற்றை வெளியே தள்ளும் பம்புகளையும் பிப்பரின் மந்தப்படுத்துகிறது. அதாவது செக்போஸ்டில் இருப்பவரைத் தூங்க வைக்கிறது. அவர் தூங்கும்போது மஞ்சள் லாரி மட்டுமா தாண்டும்? மற்ற மாத்திரைகளும் தாண்டும்.

தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு வலிப்பு வராமல் தடுக்க ஃபெனிடாயின் கொடுப்பது பழைய வழக்கம். கடையில் எப்டாயின் என்று கேட்டு வாங்குவீர்கள். 1990ல் வந்த 404 பேர் ஆய்வு ஒன்றில், முதல் ஒரு வாரத்தில் வலிப்பு வந்தவர்கள் மாத்திரை இல்லாதவர்களில் 14.2 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 3.6 சதவீதம். நல்ல மருந்து. ஆனால் அதற்கு அளவு ரொம்ப முக்கியம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் மருந்து, அதைத் தாண்டினால் விஷம். கொஞ்சம் கூட்டினாலே அளவு தாறுமாறாக ஏறும் குணமும் அதற்கு உண்டு. பிப்பரினும் மிளகு சூப்பும் ஃபெனிடாயின் அளவை ஏற்றுவதை இந்தியாவிலேயே மனிதர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அளவு ஏறினால் என்ன ஆகும்? தூக்கம் தூக்கமாக வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், கண்விழி ஆடும். தலையில் அடிபட்டவர் வீட்டில் இப்படி ஆனால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? காயம் முற்றிவிட்டது என்று பயந்து இன்னும் இரண்டு வேளை மிளகுக் கஷாயம் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் இது நடந்ததைப் பார்த்தேன். அந்த அம்மா கொடுத்ததெல்லாம் பாசத்தில்தான். யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாத்திரை விற்ற நானும்தான். அன்றிலிருந்து ஃபெனிடாயின் கொடுக்கும்போது "கஷாயம் ஏதும் குடிக்கிறாரா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. இப்போது நிறைய டாக்டர்கள் லெவெடிரசெட்டம் என்ற வேறு வலிப்பு மாத்திரையை எழுதுகிறார்கள், அதில் இந்தத் தொல்லை குறைவு.

வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லதுதானே தம்பி? அடிபட்ட பிள்ளைக்கு மறதியா இருக்கு.

எந்த வல்லாரை என்று முதலில் கேட்பேன், ஏனென்றால் எல்லையில் இந்தப் பெயர்க் குழப்பம் பெரிது. நாம் வல்லாரை என்பது மலையாளத்தில் முத்தில் அல்லது குடங்கல். இங்கே பச்சமருந்துக் கடையில் "பிரம்மி" என்று கேட்டால் கிடைப்பது வேறு செடி. தண்ணீர் ஓரத்தில் படரும் சின்ன, தடித்த இலை. நாம் அதை நீர்ப்பிரம்மி என்போம். வடக்கே போனால் வல்லாரையையே பிரம்மி என்பவர்களும் உண்டு. ஆக, ஒரே பெயரில் இரண்டு செடி, இரண்டு வேறு சரக்கு. வல்லாரையில் ஏசியாடிக் அமிலமும் ஏசியாட்டிகோசைடும்; நீர்ப்பிரம்மியில் பேக்கோசைடுகள்.

நீர்ப்பிரம்மிச் சத்தை 12 வாரம் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களிடம் நினைவாற்றல் கொஞ்சம் கூடியதாக ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2001ல் வந்தது. அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்ல. அடிபட்ட மூளைக்கு வல்லாரைப் பொருள்கள் உதவுமா என்று பார்த்ததெல்லாம் எலியோடு நிற்கிறது. துவையல் அரைத்துக் கொடுங்கள், பிள்ளை சாப்பிட்டால் சரி. மாத்திரையாக மாதக்கணக்கில் வேண்டாம். வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக 2005ல் அர்ஜென்டினாவிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

மறதிக்கு உண்மையில் உதவுவது எது என்று கேட்டால், சலிப்பான பதில்தான் இருக்கிறது. இரவில் நல்ல தூக்கம், கொஞ்ச நாள் செல்போனையும் டியூஷனையும் குறைப்பது, சீக்கிரமே விளையாட அனுப்பி இன்னொரு அடி வாங்க விடாமல் இருப்பது.

மற்ற செடிகள்?

பட்டியல் நீளம். திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தின் குவெர்சிடின், பச்சைத் தேயிலையின் கேட்டகின், ஜின்செங், சீனர்களின் பைகாலின், நம் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு. எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான்: எலியில் வீக்கம் குறைந்தது, செல் சாவு குறைந்தது, மேலும் ஆய்வு தேவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது என்பதற்காக நமக்கு அதில் தனி லாபம் இல்லை. எலிக்குக் கொடுத்த அளவுக்குத் திராட்சை தின்றால் முதலில் வயிறு போகும்.

சிரிக்காதீங்க அண்ணே, கஞ்சாவும் மூளைக்காயத்துக்கு மருந்துன்னு ஒரு வீடியோ பார்த்தேன்.

சிரிக்கவில்லை. கஞ்சா என்றால் எங்கள் மலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, அதனால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

கஞ்சாவின் போதைப்பொருளை 1964ல் தனியாகப் பிரித்துக் காட்டியவர் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம். கஞ்சா மூலக்கூறின் சாயலில், ஆனால் போதை இல்லாத டெக்ஸனாபினால் என்ற செயற்கைப் பொருள் அவருடைய ஆய்வுக்கூட வழியில் பிறந்தது. எலிகளில் அது பிரமாதம். குளுட்டமேட் வெள்ளத்தை அடைத்தது, அழற்சியைத் தணித்தது. பல நாடுகளில் பலத்த மூளைக்காயம் பட்ட 861 பேரிடம் பரிசோதித்தார்கள், 6 மணி நேரத்துக்குள் ஊசி. 2006ல் முடிவு வந்தது: ஆபத்தில்லை, பலனும் இல்லை. வீடியோ எடுத்தவர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். புகைத்துவிட்டு பைக் ஓட்டி வந்து விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எலியில் வேலை செய்வது மனிதனில் ஏன் செய்வதில்லை?

இதற்கு ஒரு கிழங்குக் கதை சொல்ல வேண்டும். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோக் காட்டில் கிடைக்கும் ஒருவகைக் காட்டுவள்ளிக் கிழங்கின் டயோஸ்ஜெனினிலிருந்து புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை தங்க விலையில் இருந்த மருந்து மலிந்தது. பிற்பாடு டொனால்ட் ஸ்டெய்ன் என்பவர், மூளையில் அடிபட்ட பெண் எலிகள் ஆண் எலிகளைவிட நன்றாகத் தேறுவதைக் கவனித்து, இந்த ஹார்மோன்தான் காரணமோ என்று தேடிப்போனார். வீக்கம் குறைந்தது. மனிதரிடம் செய்த சின்னப் பரிசோதனைகள் இரண்டு, 2007ல் அமெரிக்காவில் 100 பேர், 2008ல் சீனாவில் 159 பேர், நம்பிக்கை தந்தன. மருத்துவ உலகமே எதிர்பார்த்தது. 2014 டிசம்பரில் இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு ஒன்றாக வந்தது. 882 பேர் ஒன்றில், 1195 பேர் மற்றொன்றில். மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் வித்தியாசமே இல்லை.

ஏன்? எலியின் மூளை வழவழப்பானது, நம்முடையது மடிப்பு மடிப்பானது. ஆய்வு எலிகள் எல்லாம் ஒரே வயது, ஒரே எடை, ஒரே இடத்தில் அளந்து கொடுத்த அடி. நம் ஜீப் விபத்தில் ஒருவருக்கு நெற்றி, ஒருவருக்குப் பிடரி, ஒருவருக்கு 20 வயது, ஒருவருக்கு 60 வயதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். எலிக்கு மருந்து அடிக்கு முன்பே, அல்லது பதினைந்து நிமிடத்தில். நமக்கு ஜீப்பைத் தூக்கவே அரை மணி நேரம்.

பலன் இல்லாமல் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி முப்பது வருடமாகத் தலையடிக்கு ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். 2004ல் 10,008 பேர் ஆய்வு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. அதாவது நல்லது என்று கொடுத்ததே ஆளைக் கொன்றிருக்கிறது. "மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு எண்ணும்தான் ஞாபகம் வரும்.

அப்போ செடியிலிருந்து வந்த எதுவுமே மூளைக்காயத்துக்கு உதவாதா?

ஒன்று உதவுகிறது. தினமும் உதவுகிறது. அதை யாரும் மூலிகை என்று சொல்வதில்லை. மானிட்டால்.

தெற்கு ஐரோப்பாவில், சிசிலித் தீவில் முக்கியமாக, ஒருவகை ஆஷ் மரத்தின் பட்டையைக் கீறினால் இனிப்பான பால் வடிந்து உறையும். மன்னா என்பார்கள். 1806ல் ஜோசப் புரூஸ்ட் என்ற வேதியியலாளர் அதிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரைப் பொருள்தான் மானிட்டால். இப்போது தொழிற்சாலையில் ஃபிரக்டோஸிலிருந்து செய்கிறார்கள். நரம்பில் ஏற்றினால் அது மூளைக்குள் புகாமல் ரத்தத்தில் இருந்துகொண்டே, வீங்கிய மூளையிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே வேலை. என்.எஃப். கப்பா-பியும் இல்லை, ஒன்றும் இல்லை.

20 சதவீத மானிட்டால் பாட்டில் குளிரில் உறைந்து உள்ளே கண்ணாடித் துணுக்கு மாதிரி படிகம் கட்டும். மார்கழியில் எங்கள் கடையில் இது வழக்கம். வெந்நீரில் வைத்துக் கரைத்து, ஆறிய பிறகு, வடிகட்டி உள்ள செட்டில்தான் ஏற்ற வேண்டும். கெட்டுப்போன பாட்டில் என்று நினைத்து என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

டிஸ்சார்ஜ் ஆனபின் ஆயுர்வேத சிகிச்சைக்குக் கோட்டயம் பக்கம் கூட்டிப்போகலாமா? எண்ணெய், தலையில் மருந்து அரைத்து அப்பும் தலைபொதிச்சில் எல்லாம்?

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு, வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க மண்டையெலும்பில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே நேராக மூளைதான். தேய்க்கவோ அமுக்கவோ கட்டுப்போடவோ கூடாது. எலும்பைத் திரும்ப வைத்து, தையல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு பேசலாம். மூக்கில் நீர் ஒழுகிய சரித்திரம் இருந்தால், மூக்கில் மருந்து விடும் நஸ்யம் வேண்டவே வேண்டாம்.

கை கால் இறுக்கத்துக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சில் சுகமாக இருக்கும், நல்ல வைத்தியர் கையில் தப்பில்லை. உள்ளே கொடுக்கும் மருந்தில்தான் என் பயம். ஃபெனிடாயின் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு, சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்து எடுத்த பிறகு அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தது; பின்னர் எலியில் பார்த்தபோது அந்த மருந்து ஃபெனிடாயின் அளவைக் குறைப்பது தெரிந்தது. 1992ல் வெளியான இந்திய ஆய்வு அது. மிளகு ஏற்றுகிறது, இது இறக்குகிறது. வைத்தியரிடம் இங்கிலீஷ் மாத்திரைச் சீட்டையும், டாக்டரிடம் லேகியத்தையும் மறைப்பது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு பேரும் திட்டுவார்கள் என்ற பயம். திட்டட்டும்.

அம்மா பாத்ரூமில் லேசாக இடித்துக்கொண்டார், மூன்று வாரம் ஆச்சு. இப்போது ஒரு மாதிரி மந்தமாக இருக்கிறார். வயசுக்கு அப்படித்தானே?

இல்லை, இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள். வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். சின்ன இடியிலேயே மூளையின் மேலுறைக்கடியில் ரத்தம் மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் சேரும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதோடு பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சத்து, மஞ்சள் கேப்சூல் என்று இணையத்தில் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகலாம். நேரத்தில் பிடித்துவிட்டால் மண்டையில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள். பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

மூளைக்கு பூஸ்டர் என்று குர்குமினும் பிப்பரினும் சேர்த்த கேப்சூல் விற்கிறீர்களே, நீங்களே?

விற்கிறேன், மறைக்கவில்லை. கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பினால் எதிர்க்கடைக்குப் போவார். ஆனால் தலையில் அடிபட்ட சீட்டோடு வருபவருக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் குழு 2022ல், மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. அதில் ஒருவர் இறந்துபோனார்.

எல்லையில் விபத்து நடந்தால் எந்தப் பக்கம் போவது?

108 இரண்டு பக்கமும் ஒரே எண்தான், ஆனால் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அங்கே போகும். அதனால் மாநிலம், ஊர், பக்கத்துக் கடை என்று மூன்றையும் சொல்லுங்கள். குமுளியிலிருந்து தேனி சுமார் 60 கிலோமீட்டர், அரசு மருத்துவக் கல்லூரி அதையும் தாண்டி க. விலக்கில். கோட்டயம் 110க்குக் கிட்டே, அதுவும் மலைப்பாதை. பக்கத்தில் ஸ்கேனும் மூளை ஆபரேஷன் வசதியும் எங்கே இருக்கிறதோ அங்கே. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், அடிபட்டவர் கேரளக்காரராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் வம்புக்கு இழுக்கக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே இருக்கிறது.

விபத்து நடந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற, ரத்தக்கசிவைக் குறைக்கும் ஊசி, லேசான, நடுத்தரக் காயத்தில் 3 மணி நேரத்துக்குள் போட்டால் சிலரைக் காப்பாற்றுகிறது. 12,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு, 2019. செடியில் வந்ததில்லை.

கடைசியா ஒன்று: வீட்டுச் சாப்பாட்டில் மஞ்சள், மிளகு எல்லாம் நிறுத்தணுமா?

வேண்டாம். குழம்புக்கு மஞ்சள், ரசத்துக்கு மிளகு எப்போதும் போடும் அளவே போடுங்கள். ஃபெனிடாயின் எடுப்பவர் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கஷாயம், சூரணம், லேகியம், கேப்சூல் என்று தனியாக எது கொடுத்தாலும் மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மலையாளத்தில் எழுதினாலும் எனக்குப் படிக்க வரும். பிரம்மி என்று எழுதினால் மட்டும், எந்தப் பிரம்மி என்று ஒரு இலையையும் கிள்ளி எடுத்து வாருங்கள்.